பெட்ரோலியம் இன்ஜினியரிங் முடித்தவருக்கு முதல் வேலை: கேட் தேர்வா, சர்வீஸ் கம்பெனியா, சான்றிதழ்ப் படிப்பா?

டெல்டா_பையன்:
வணக்கம். 2024-ல் பி.டெக். பெட்ரோலியம் முடித்தேன், சிஜிபிஏ 7.4. கேம்பஸில் எண்ணெய் கம்பெனி எதுவும் வரவில்லை. சொந்த ஊர் திருவாரூர் பக்கம் என்பதால் காரைக்கால் ஓஎன்ஜிசியில் ஏதாவது கிடைக்கும் என்று வீட்டில் நம்புகிறார்கள். ஒரு பயிற்சி நிலையம் ஐடபிள்யூசிஎஃப் (கிணற்று அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சான்றிதழ்), பாசியெட், சிமுலேஷன் மென்பொருள் மூன்றும் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறது. கடன் வாங்கிக் கட்டலாமா? இல்லை கேட் (பொறியியல் நுழைவுத் தேர்வு) எழுதுவதா? ரிக் (எண்ணெய்க் கிணறு துளையிடும் மேடை) வேலை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கெல்லிபுஷிங்:
தம்பி, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். பாசியெட் என்பது கடல் ரிக்குக்குப் போகிறவர்களுக்கான உயிர்காப்புப் பயிற்சி. நான்கு ஆண்டில் காலாவதி. ஆள் எடுக்கும் கம்பெனி தன் செலவிலேயே அனுப்பும். ஐடபிள்யூசிஎஃப்-ல் லெவல் 3 துளையிடும் இயந்திரத்தை இயக்கும் ட்ரில்லருக்கு, லெவல் 4 ரிக் சூப்பர்வைசருக்கு. இரண்டு ஆண்டுதான் செல்லும். ரிக் தளத்தில் நிற்காதவர் கையில் லெவல் 4 இருந்தால் இன்டர்வியூவில் மதிப்பு கூடாது, சந்தேகம்தான் வரும். லெவல் 1 இணையத்தில் இலவசம், அதை முடித்து வையுங்கள்.

பணத்துக்குப் பதில் வெல் கன்ட்ரோல் (கிணற்று அழுத்தத்தை அடக்கும்) கணக்கைக் கையில் போடப் பழகுங்கள். அழுத்தம் = 0.052 × மட் (துளையில் சுற்றும் சேறு) எடை × செங்குத்து ஆழம். 10 பிபிஜி (கேலனுக்கு இத்தனை பவுண்டு) மட், 10,000 அடி என்றால் 5,200 பிஎஸ்ஐ. கிக் (பாறையிலிருந்து வாயுவோ திரவமோ கிணற்றுக்குள் புகுவது) வந்து கிணற்றை மூடியபின் ட்ரில் பைப்பில் 520 பிஎஸ்ஐ காட்டினால், 520 ÷ (0.052 × 10,000) = 1. பழைய 10-உடன் கூட்டினால், கிணற்றை அடக்கும் கில் மட் 11 பிபிஜி. சாய்வுக் கிணற்றில் கேட்டால் பல ஃப்ரெஷர்கள் செங்குத்து ஆழத்துக்குப் பதில் அளந்த நீளத்தைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே கில் மட் எடை குறைவாக வரும், கிணறு அடங்காது. இந்த ஒரு தவறைத்தான் கேட்பவர் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்.

காரைக்கால் பற்றி: நரிமணம், குத்தாலம் போன்ற பழைய வயல்கள் ஓடுகின்றன. ஆனால் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்துக்கு இடமில்லை. ஊர்ப்பக்கம் என்று காத்திருக்காமல் ராஜமுந்திரி, பார்மேர், மெஹ்சானா, துலியாஜான் என்று வெளிமாநில எண்ணெய் வயல் ஊர்கள் எல்லாவற்றுக்கும் தயாராக இருங்கள்.

போரோசிட்டி_30:
மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் ரிக் மட்டுமே வழி இல்லை.

கேட் கட்டாயம் எழுதுங்கள். பெட்ரோலியத்துக்குத் தனித்தாள் 2015-லிருந்தே இருக்கிறது. 65 கேள்வி, 100 மதிப்பெண், அதில் 15 பொது அறிதிறன். எண் விடைக் கேள்விகளுக்கு நெகட்டிவ் கிடையாது, அதனால் ரிசர்வாயர், வெல் டெஸ்டிங் கணக்குகளில் நேரம் போடுவது லாபம். திரையில் வரும் கால்குலேட்டரிலேயே பழகுங்கள், கையிலிருக்கும் கேசியோவுக்குப் பழகிய விரல் தேர்வறையில் தடுமாறும். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஆனால் கேட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள்: ஓஎன்ஜிசி சில ஆண்டுகள் கேட் வழியாக எடுத்தது, 2025 தொடக்கத்தில் ஏஇஇ (உதவி நிர்வாகப் பொறியாளர்) பணிகளுக்குத் தனியாகவே கணினித் தேர்வு வைத்தது. ஒவ்வோர் அறிவிப்பையும் முழுதாகப் படிக்க வேண்டும்.

சிமுலேஷனுக்கும் காசு வேண்டாம். ஈக்வினார் நிறுவனம் 2018-ல் நார்வேயின் வோல்வே வயல் தரவு முழுவதையும் வெளியிட்டது. 2008 முதல் 2016 வரை தினசரி உற்பத்தி இருக்கிறது. ஒரே ஒரு கிணறு, எஃப்-12 எடுத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி காலப்போக்கில் குறைவதைக் காட்டும் ஆர்ப்ஸ் சரிவு வளைவு பொருத்துங்கள். எல்லோரும் சறுக்குவது இங்கேதான்: கிணறு மூடியிருந்த நாட்களையும் சேர்த்துப் பொருத்திவிடுவார்கள். ஓடிய மணிநேரம் தனிப் பத்தியில் இருக்கிறது. முதலில் 24 மணி நேரத்துக்குச் சரிசெய்து வீதமாக்குங்கள். அடுத்து சோக் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறப்பைப் பாருங்கள். சோக்கைத் திறந்ததால் ஏறிய உற்பத்தியைச் சரிவு வளைவுக்குள் திணித்தால் மீதி இருப்பைக் கூட்டிச் சொல்வீர்கள். நீர் விகிதம் எப்போது ஏறத் தொடங்கியது, பக்கத்தில் நீர் செலுத்தும் எஃப்-4, எஃப்-5 கிணறுகளில் அதே சமயம் என்ன நடந்தது என்று எழுதுங்கள். சிமுலேட்டர் வேண்டுமென்றால் ஓபிஎம் ஃப்ளோ இலவசம், நோர்னே வயல் மாதிரியும் அதோடு ஓடும்.

இரண்டு பக்க அறிக்கை போதும். ரெஸ்யூமில் 'பெட்ரெல் மென்பொருள் தெரியும்' என்று ஒரு வரி எழுதுவதைவிட இது நூறு மடங்கு பேசும். படத்தைக் காட்டி 'இந்த வளைவு ஏன் இங்கே முறிகிறது' என்று கேட்டால் பதில் உங்களிடம் இருக்கும்.

சிட்டிகேட்:
ஒரு எச்சரிக்கை. வளைகுடா வேலை என்று விசா பணம், மெடிக்கல் டெபாசிட் கேட்டு ஆஃபர் லெட்டர் வரும். லோகோ எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் உரிம எண்ணைத் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு ரசீது வாங்குங்கள். டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எண்ணெய்க் கிணறு கிடைக்கும்வரை நகர எரிவாயு விநியோகம், எண்ணூர் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) சார்ந்த குழாய்ப் பணிகள் இவற்றையும் பாருங்கள். மெக்கானிக்கல் ஆட்களோடு போட்டி இருக்கும். வாயு ஓட்டம், அழுத்த இழப்பு, ஹைட்ரேட் (குழாயை அடைக்கும் பனி போன்ற கட்டி) இதெல்லாம் நீங்கள் படித்த பாடம், அதை முன்னால் வையுங்கள். ஆனால் மார்க்கெட்டிங் பக்கம் போய்விட்டால் அப்ஸ்ட்ரீமுக்கு (எண்ணெய் எடுக்கும் பக்கம்) திரும்புவது கடினம். ஆபரேஷன்ஸ் அல்லது புராஜெக்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

டெல்டா_பையன்:
எல்லோருக்கும் நன்றி. ஒன்றரை லட்சத்தை விட்டுவிட்டேன். ஒரு மட் லாக்கிங் (கிணற்றிலிருந்து வரும் சேறு, பாறைத்துகளைக் கண்காணிக்கும்) சர்வீஸ் கம்பெனியில் அடுத்த வாரம் இன்டர்வியூ. சம்பளம் குறைவு, 12 மணி நேர ஷிஃப்ட். போகலாமா? என்ன கேட்பார்கள்?

கெல்லிபுஷிங்:
கண்டிப்பாகப் போங்கள். ஃப்ரெஷருக்கு ரிக்கின் எல்லா அளவீடும் ஒரே திரையில் தெரியும் இடம் அந்த யூனிட்தான். அங்கிருந்து எம்டபிள்யூடி (துளையிடும்போதே அளக்கும்) பக்கம் நகரலாம்.

லேக் டைம் (அடியிலிருந்து துகள் மேலே வர ஆகும் நேரம்) நிச்சயம் கேட்பார்கள். 8.5 அங்குலத் துளை, 5 அங்குல ட்ரில் பைப், எளிமைக்கு முழுதும் ஒரே அளவு என்று வையுங்கள். இரண்டின் வர்க்கங்களைக் கழித்து அலகு மாற்றினால், (72.25 − 25) ÷ 1029.4 = அடிக்கு 0.0459 பேரல். 10,000 அடிக்கு 459 பேரல். பம்ப் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.1 பேரல் தள்ளினால் 4,590 ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 100 ஸ்ட்ரோக் என்றால் 46 நிமிடம் கழித்துத்தான் அடியில் உடைந்த பாறைத்துகள் மேலே சல்லடையான ஷேக்கருக்கு வரும்.

பம்ப் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் நிமிடத்தை விட்டு ஸ்ட்ரோக்கை எண்ணுங்கள். துளைச் சுவர் அரித்து அகலமாகியிருந்தால் துகள் கணக்கைவிடத் தாமதமாக வரும். சாம்பிளில் தப்பான ஆழம் எழுதிவிடுவீர்கள். அதைச் சரிபார்க்க, பைப் இணைக்கும்போது கார்பைடு போட்டு, அசிட்டிலீன் வாயு மேலே வரும் ஸ்ட்ரோக்கை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து, கார்பைடு பைப்புக்குள் கீழே இறங்க எடுத்த ஸ்ட்ரோக்கைக் கழித்தால்தான் உண்மையான லேக். கழிக்க மறக்காதீர்கள், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.