எல்லாத்தையும் ஆர்கானிக்கா வாங்கக் கட்டுப்படியாகல, எதுக்கு முன்னுரிமை?

கேள்வி
வீட்டுல நாலு பேர், அதுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. காய்கறி, பழத்துக்கு ஒதுக்குற காசுல கால்வாசிதான் ஆர்கானிக்குக்குப் போக முடியும். எதெதுல போடலாம்? சமையல் சோடாவுல ஊறவெச்சா பூச்சிமருந்து போயிடும்னு சொல்றாங்களே, அப்போ ஆர்கானிக்கே வேண்டாமா?

பதில் 1
முதல்ல எது அதிகமா வயித்துக்குள்ள போகுதுன்னு பாருங்க. எப்பவாவது வாங்குற செர்ரியைவிட, பிள்ளைங்க தினம் கடிக்கிற ஆப்பிளை மாத்துறதுதான் கணக்குக்குச் சரி. அடுத்தது தோல். தோலோட சாப்பிடுற பழமும் இலையும்தான் முதல் வரிசை: ஸ்ட்ராபெரி, திராட்சை, ஆப்பிள், பீச், பசலைக்கீரை. வெங்காயம், அன்னாசி, அவகாடோ, தர்பூசணி எல்லாம் சாதாரணமே போதும். முட்டைக்கோஸுக்கு மேல் இலை ரெண்டை உரிச்சுப் போட்டுடுங்க.

ஆரஞ்சு, எலுமிச்சை மட்டும் தனிக் கதை. சுளையோ சாறோ மட்டும்னா சாதாரணப் பழம் வாங்கலாம். தோலைத் துருவி கேக்குல போடுறதா இருந்தா ஆர்கானிக்தான். பறிச்ச பிறகு பூஞ்சை பிடிக்காம இருக்க இமசலில், தயபெண்டசோல் மாதிரி மருந்து போட்டு மேல மெழுகும் பூசுறது வழக்கம். அது தங்குற இடமே தோல்தான்.

பதில் 2
சோடா விஷயம் பாதி உண்மை. 2017-ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆப்பிளை வெச்சு சோதிச்சாங்க. லிட்டருக்கு 10 கிராம் சோடா, அதாவது ரெண்டு டீஸ்பூன். 12 முதல் 15 நிமிஷத்துல மேல்பரப்புல இருந்த தயபெண்டசோலும், பாஸ்மெட்ங்கிற பூச்சிமருந்தும் போயிடுச்சு. ஆனா தயபெண்டசோல்ல சுமார் 20 சதவீதம் ஏற்கெனவே தோலுக்குள்ள இறங்கியிருந்தது. அதை எந்தக் கழுவலும் எடுக்காது, தோல் சீவணும். இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள்ளேயே ஓடுற மருந்துன்னா சீவியும் முழுசாப் போகாது. ஆர்கானிக்குக் குடுக்குற காசு நிஜமா வேலை செய்யுறது அங்கேதான்.

சும்மா முக்கி எடுக்குறது பத்தாது, ஊறணும், அப்புறம் ஓடுற தண்ணில அலசணும். சோப்பு வேண்டவே வேண்டாம், பழம் உறிஞ்சிக்கும். ஸ்ட்ராபெரியை சாப்பிடுற நேரத்துல, காம்போட கழுவிட்டுக் கிள்ளுங்க. முன்னாடியே கழுவி ஃபிரிட்ஜ்ல வெச்சா பூஞ்சை பிடிக்கும்.

பதில் 3
ஆர்கானிக்னா மருந்தே கிடையாதுன்னு அர்த்தமில்ல. தாமிரம், கந்தகம், ஸ்பினோசாட் எல்லாம் அனுமதிக்கப்பட்டதுதான். அதனால அதையும் கழுவணும்.

மருந்து மிச்சம் அதிகம்னு பன்னிரண்டு காய், பழங்களைச் சொல்ற 'டர்ட்டி டசன்' பட்டியலை அப்படியே நம்பி வாங்காதீங்க. அது அமெரிக்கச் சந்தைக்கான சோதனை முடிவுகளை வெச்சுப் போடுறது. பட்டியல்ல பேர் வந்ததாலேயே சட்ட வரம்பைத் தாண்டிடுச்சுன்னும் ஆகாது. ஆர்கானிக் விலைக்குப் பயந்து பழத்தையே குறைக்குறதுதான் பெரிய நஷ்டம்.

காசு மிச்சம் பிடிக்க, பெர்ரி வகைகளை உறையவெச்ச ஆர்கானிக் பாக்கெட்டா வாங்குங்க. பெரும்பாலும் புதுசைவிட மலிவு, வீணும் ஆகாது. உதிரிப் பழத்துல ஸ்டிக்கர் எண்ணைப் பாருங்க: சாதாரண வாழைப்பழம் 4011, ஆர்கானிக்னா முன்னாடி 9 சேர்ந்து 94011.

கேள்வி கேட்டவர்
உருளைக்கிழங்கு?

பதில் 1
தோல் சீவி சமைச்சா சாதாரணமே போதும். கிடங்குல முளைக்காம இருக்க பல நாடுகள்ல அடிக்கிற மருந்து பெரும்பாலும் தோல்லதான் நிக்கும். தோலோட சுட்டுச் சாப்பிடுற வீடுன்னா அதையும் ஆர்கானிக் கணக்குல சேர்த்துக்கோங்க.