மொட்டை மாடிக்கு மேலே ட்ரோன் வந்து நிற்கிறது, யாரிடம் போய்ச் சொல்வது?

புறாக்கூண்டு:
வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் இருக்கிறோம், தெருப் பெயர் வேண்டாம். பழைய வீடு, கீழே இரண்டு குடித்தனம், மேலே நாங்கள். குளிக்கிற இடம் மொட்டை மாடியில்தான். நாலு பக்கமும் தகடு அடித்திருக்கிறது, மேலே கூரை கிடையாது. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். சுற்றி எல்லா வீடும் ஒரே உயரம், யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் வானத்தைச் சேர்க்கவில்லை.

மூன்று வாரமாகச் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு ஒரு ட்ரோன் வருகிறது. அதை முதலில் கண்டது நான் இல்லை, புறாக்கள். இருபத்திரண்டு வைத்திருக்கிறேன், பாதி கர்ணப் புறா. வல்லூறு வந்தால் எப்படிக் கொத்தாகச் சுருண்டு மேலே ஏறுமோ அப்படி ஏறின. என்னடா என்று நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் நிற்கிறது, உள்ளங்கை அகலம், வயிற்றுப் பக்கம் ஒரு கண். நான் கையை ஆட்டியதும் சரிந்து கிழக்கே போய்விட்டது. மறுநாள் திரும்ப வந்தது. அன்றைக்கு என் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சாயங்காலக் குளியலையே விட்டுவிட்டாள்.

ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். அது கால்வாயில் கொசு மருந்து அடிக்கிற மாநகராட்சி ட்ரோனாக இருக்கும் சார் என்று அனுப்பிவிட்டார்கள். கால்வாய் எங்கே இருக்கிறது, என் மாடி எங்கே இருக்கிறது. இது சட்டப்படி சரியா? சரியில்லை என்றால் எந்தச் சட்டம், யாரிடம் புகார்?

காசிமேடு காத்தாடி:
அண்ணே, இதுக்கெல்லாம் சட்டமா? ஒரு லொட்டாய் மாஞ்சா நூல், ஒரு நல்ல காத்தாடி. நம்ம ஏரியாவுல ஒரே டீல், அறுத்து விட்டா வேலை முடிஞ்சுது.

ட்ரோன்காரன்:
தம்பி விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். மாஞ்சா நூல் தடை செய்யப்பட்டது, பைக்கில் போனவர்கள் கழுத்தறுந்து செத்ததால் வந்த தடை, வடசென்னைக்காரனுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. தவிர, அறுபட்ட ட்ரோன் எங்கே விழும்? நாலு விசிறியும் சுற்றிக்கொண்டே யார் வீட்டுக் குழந்தை தலையிலாவது விழும். அப்புறம் அடுத்தவன் சொத்தைச் சேதப்படுத்தினாய் என்று இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் உங்கள் மேல்தான் வழக்கு வரும்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன், கொருக்குப்பேட்டை. ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன், அதனால் பறக்கிற பக்கத்து விதியைச் சொல்கிறேன். இப்போது நடப்பில் இருப்பது 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். அதில் எல்லாமே எடையை வைத்துத்தான். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், இப்படிப் போகும். நானோவுக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைத் தொழிலுக்கு அல்லாமல் சும்மா ஓட்டினால் அதற்கும் வேண்டாம். கடைக்காரன் பெட்டி மேலே 249 கிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்பது இதனால்தான், ஒரு கிராமில் தப்பித்துக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்லும் உள்ளங்கை அகலம் அந்த ஜாதிதான்.

அதற்காக யாரும் எதையும் பறக்கவிடலாம் என்று அர்த்தம் இல்லை. அரசின் இணையதளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்க வேண்டும். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை 2022 பிப்ரவரியில் நிறுத்தியும் விட்டார்கள், ஆராய்ச்சி, பாதுகாப்பு மாதிரி சில விலக்குகள் தவிர. ஆனால் துபாயிலிருந்து வந்த மச்சான் பெட்டியில் வந்து இறங்கியது, கைமாறி வந்தது என்று சந்தையில் நிறையக் கிடைக்கிறது. அதில் எதற்கும் எண் கிடையாது. உங்கள் மாடிக்கு வருவதும் அப்படி ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்தது இடம். வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம் கேட்க வேண்டும், சிவப்பில் மத்திய அரசிடம். தண்டையார்பேட்டை மீனம்பாக்கத்திலிருந்து 12 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் விமான நிலையக் கணக்கில் சிக்காது. ஆனால் நமக்கு ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, தெற்கே போனால் தலைமைச் செயலகம் இருக்கிற கோட்டை. 2018 விதியில் தலைமைச் செயலகத்தைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குப் பறக்கவே கூடாது என்று நேராக எழுதியிருந்தது. இப்போது எல்லாம் வரைபடம், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய தலைவர் யாராவது வந்தால் நகரம் முழுக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் நான் பெட்டியையே திறப்பேன்.

கேமரா பற்றி ஒரு விஷயம், பயந்தும் போகாதீர்கள், அலட்சியமாகவும் இருக்காதீர்கள். இந்தச் சின்ன ட்ரோனில் இருப்பது அகல லென்ஸ். 120 மீட்டரில் மனுஷன் எள்ளுதான். முகம் கேட்டால் நானே கொடுக்க முடியாது. ஆனால் இரண்டு ஆள் உயரம் என்கிறீர்களே, அங்கே நின்றால் மாடிப் படிக்கட்டில் நின்று செல்போனில் எடுப்பது மாதிரிதான். அவ்வளவு கீழே இறக்குகிறவன் தெருவையோ சூரிய அஸ்தமனத்தையோ எடுக்கவில்லை.

புறாக்கூண்டு:
அண்ணே, ரொம்ப நன்றி. அப்படியானால் வீட்டுக்காரன் அனுமதி இல்லாமல் என் மாடி மேலே வரக்கூடாது என்று அதில் ஒரு வரி கூடவா இல்லை?

ட்ரோன்காரன்:
நான் படித்தவரை இல்லை. வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பாரிமுனை கறுப்பு கோட்டு:
இல்லை, அதுதான் கோளாறே. 2021 மார்ச்சில் வந்த முந்தைய விதிகளில், தனிநபர் மற்றும் அவர் சொத்தின் தனியுரிமையை உறுதி செய்துவிட்டுத்தான் படம் எடுக்கலாம் என்று இருந்தது. ஐந்தே மாதத்தில் அதைத் தூக்கிவிட்டுப் புதிய விதிகள் கொண்டுவந்தார்கள். தொழில் வளர வேண்டும், படிவங்கள் குறைய வேண்டும் என்றார்கள். படிவங்களோடு சேர்ந்து அந்த வரியும் போய்விட்டது. ட்ரோன் விதி, ட்ரோன் எங்கே பறக்கிறது என்று கேட்கும். என்ன பார்க்கிறது என்று கேட்காது. அதற்கு நீங்கள் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

எல்லோரும் முதலில் சொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, மறைந்திருந்து பார்ப்பது. ஒரு பெண் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி அந்தரங்கமான செயலில் இருக்கும்போது பார்த்தாலோ படம் எடுத்தாலோ முதல் தடவைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. உங்கள் குளியலறைக்கு அது அப்படியே பொருந்தும். கூரை இல்லையே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், கேட்கட்டும். நாலு பக்கம் தகடு அடித்திருப்பதே யாரும் பார்க்கக் கூடாது என்பதற்குத்தானே. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவும் உண்டு, மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது உடலின் அந்தரங்கப் பகுதியைப் படம் எடுத்தால்தான்.

அப்படியானால் துணி துவைக்கும்போது? கோடையில் மாடியில் படுத்துத் தூங்கும்போது? 77 வராது, 66இ வராது. இங்கேதான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அதே சன்ஹிதாவின் 79ஆம் பிரிவைப் படியுங்கள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 509. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவள் தனிமைக்குள் நுழைவதும் அதில் குற்றம், மூன்றாண்டு வரை. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், அது லேசு இல்லை. ஆனால் கையை ஆட்டியதும் ஓடிப்போய் மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்தது என்கிறீர்களே, அதையே தேதி போட்டு எழுதிவையுங்கள். நோக்கம் அப்படித்தான் தெரியவரும்.

2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தை இதற்கு நம்பாதீர்கள். ஒரு தனிஆள் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்தால் அந்தச் சட்டமே பொருந்தாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் சொன்னார்களே என்பீர்கள். சொன்னார்கள், பெரிய தீர்ப்புதான். ஆனால் அடிப்படை உரிமை என்பது முதலில் அரசாங்கத்தைப் பார்த்து நீட்டுகிற கை, பக்கத்துத் தெருப் பையனைப் பார்த்து நீட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். உங்கள் மனைவி பெயரில் புகார் இருந்தால் நல்லது, அவருக்குச் சம்மதம் என்றால். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எழுத்தில் கொடுத்தும் எடுக்கவில்லை என்றால் அதே புகாரைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) அதற்குத்தான். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். பதிவு எண் இல்லாத ட்ரோன் என்பதைத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். ட்ரோன் விதியை மீறினால் ஒரு லட்சம் வரை அபராதம் என்றால் பையனின் அப்பாவுக்குச் சட்டென்று புரியும்.

வியாசை:
வக்கீல் சார் அரசாங்கத்தைப் பற்றிச் சொன்ன கடைசிக்கு முந்தைய பத்தி முக்கியம், அதை யாரும் பேசுவதே இல்லை. 2020 ஊரடங்கில் திருப்பூர் போலீஸ் ட்ரோன் விட்ட வீடியோ ஞாபகம் இருக்கிறதா? கேரம் போர்டு ஆடின பையன்கள் ட்ரோனைக் கண்டு ஓட, ஒருத்தன் கேரம் போர்டையே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினானே. பின்னணியில் நகைச்சுவை வசனம் போட்டு ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், பத்துப் பேருக்கு அனுப்பினேன். அந்தப் பையன்கள் யாரும் சம்மதம் சொல்லவில்லை. இராணுவம், கடற்படை, விமானப்படைக்குத்தான் ட்ரோன் விதியில் விலக்கு, போலீசுக்கு அப்படி மொத்த விலக்கு இல்லை. ஆனால் எடுத்த படத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்க ஒரு தனிச் சட்டம் இல்லை. அடையாறு பகுதியில் 2023இல் போலீசுக்கு ட்ரோன் பிரிவே திறந்தாயிற்று. கூட்டத்தில் திருடனைப் பிடிக்க, கடலில் மூழ்குகிறவனைத் தேட என்றார்கள், அதெல்லாம் வேண்டியதுதான். எங்கள் ஏரியா மேல் எது வட்டமடித்தாலும் நாங்கள் நிமிர்ந்து பார்க்காமல் பழகிவிட்டோம், அதைத்தான் சொல்ல வந்தேன்.

வண்ணை தையல்கடை:
எல்லோரும் பிரிவு, எண் என்று பேசிவிட்டீர்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டை, எங்கள் வீட்டிலும் குளியல் மாடியில்தான். அண்ணா, இன்றைக்கே ஒரு தார்ப்பாய் வாங்கி மேலே இழுத்துக் கட்டுங்கள், வழக்கு முடிகிற வரைக்கும் அண்ணி குளிக்காமல் இருக்க முடியாது. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் கடைசியில் எப்போதும் மூடிக்கொள்ள வேண்டியது நாங்கள்தான். ஆனாலும் கட்டுங்கள். தெரு முனையில் இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள், யார் வீட்டுப் பையன் புதிதாக என்ன வாங்கினான் என்று போலீசுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

காசிமேடு காத்தாடி:
அக்கா சொன்னதுதான் கரெக்ட். மாஞ்சா பத்திச் சொன்னது சும்மா, மன்னிச்சுக்குங்க.

புறாக்கூண்டு:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தார்ப்பாய் கட்டியாயிற்று. இஸ்திரி அண்ணனிடம் கேட்டேன், ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். மூன்று தெரு தள்ளி, கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற பையன், மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, எண் ஒன்றும் இல்லை, ட்ரோன்காரர் சொன்னது அப்படியே. நானும் கீழ்வீட்டுப் பெரியவரும் போனோம். பையனின் அம்மா கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

புறா பறப்பதைத்தான் எடுத்தேன் அங்கிள் என்றான். மெமரி கார்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். முக்கால்வாசி புறாதான், பொய் சொல்லக்கூடாது, என் கர்ணப் புறா குட்டிக்கரணம் அடிப்பதை மேலேயிருந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. மீதியில் எங்கள் மாடி இருந்தது. என் மனைவி துணி பிழிந்துகொண்டு நிற்கிறாள், அண்ணாந்து பார்க்கிறாள், அதற்குப் பிறகும் பதினொரு விநாடி ஓடுகிறது. எண்ணினேன். இது எதற்குடா என்று அவன் அம்மா கேட்டார். பதில் இல்லை.

அழிக்கச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது, வக்கீல் சார் எழுதிக் கொடுக்கச் சொன்னது ஞாபகம் வந்து, அழித்தால் ஆதாரமும் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, உன் இஷ்டம் என்றேன். அவளே எழுதிக் கொடுத்தாள், சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருக்கிறது. கார்டும் ட்ரோனும் இப்போது ஸ்டேஷனில். அவன் அப்பா தினமும் வந்து சமாதானம் பேசுகிறார், படிப்பு கெட்டுவிடும் என்கிறார். அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. முதல் நாள் மிரண்டு ஏறியதில் ஒரு சாம்பல் கர்ணப் புறா திரும்பி வரவே இல்லை. இடது காலில் பச்சை வளையம். காசிமேடு, ராயபுரம் பக்கம் யார் கூண்டிலாவது ஒண்டியிருந்தால் இங்கேயே எழுதுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.