உதவி வேணும்: கயோலின் திடீரெண்டு கட்டிபடுது, மருந்து கூட்டினாலும் சிதறுதில்லை

களித்தொட்டி:
வணக்கம். பொரலஸ்கமுவ பக்கம் ஒரு சின்ன இடத்தில வேலை செய்யுறன், கயோலினைக் கழுவி மணலைப் பிரிச்சு 2 மைக்ரோனுக்குக் கீழ இருக்கிற நுண்ணிய பகுதியை எடுத்து பெயின்ட் ஆக்களுக்கும் றபர் ஆக்களுக்கும் குடுக்கிறது. மழை இருக்கும் வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. மழை நிண்டு கிணறு கீழ போனாப்பிறகு எல்லாம் குழம்பிட்டு, கலக்கின களியை ஹைட்ரோசைக்கிளோனுக்கு (சுழல விட்டு மணலையும் நுண்ணியதையும் பிரிக்கிற கூம்பு) விட்டா நுண்ணிய களியும் மணலோட சேர்ந்து கீழால போகுது, மேலால வாறதில ஒண்டும் இல்லை. போத்தல்ல எடுத்து வைச்சா முந்தி அடுத்த நாளும் பால் மாதிரி வெள்ளையா நிக்கும், இப்ப அரை மணித்தியாலத்தில மேல தெளிஞ்சு அடியில பொதபொதெண்டு உக்காருது. களியைச் சிதற வைக்கிற மருந்து ஹெக்ஸாமெட்டாபொஸ்பேட் வழமையான அளவு போட்டம், பேந்து ரெண்டு மடங்கு போட்டம், ஒரு மாற்றமும் இல்லை, இன்னும் மோசம் எண்டுதான் சொல்லலாம். முதலாளி சொல்லுறார் குழி ஆழமாப் போயிட்டு அதால களி மாறிட்டு எண்டு. சைக்கிளோன் வித்தவர் சொல்லுறார் ஸ்பிகொட் (சைக்கிளோன்ர கீழ் வாய்) தேஞ்சிருக்கும் எண்டு. யாராவது இப்பிடிப் பார்த்திருக்கிறீங்களா?

தெஹிவளை வேர்க்‌ஷொப்:
தம்பி ஸ்பிகொட்டைக் கழட்டி கலிப்பரால அளந்து பாருங்க. றபர் ஸ்பிகொட் எண்டா மணல்ல கெதியா தேயும், ஓட்டை பெருத்தா கீழால தண்ணி கூடப் போகும், அதோட நுண்ணியதும் இழுபடும். பம்ப் பிரஷரும் பாருங்க.

லேப் அக்கா:
ஸ்பிகொட் தேஞ்சும் இருக்கலாம், ஆனா அவர் சொன்ன போத்தலுக்குள்ள சைக்கிளோன் ஒண்டும் இல்லையே. போத்தல்லயே கட்டிபடுது எண்டா பிரச்சினை மெஷினுக்கு முன்னமே வந்திட்டு. தம்பி ரெண்டு விசயம் பார்த்துச் சொல்லுங்கோ. ஒண்டு, போத்தல் தெளியேக்க மேலயிருந்து ஒரு கோடு வடிவா இறங்குதா, அல்லது மேல கலங்கலா இருக்க அடியில மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சேருதா? தனித்தனியா சிதறின களி ரெண்டாவது மாதிரித்தான் உக்காரும். 2 மைக்ரோன் துணிக்கை 10 சென்ரிமீற்றர் இறங்க 20 பாகையில கிட்டத்தட்ட 8 மணித்தியாலம் எடுக்கும், எங்கட கொழும்புச் சூட்டில தண்ணி இளகினதால ஒரு ஆறரை மணித்தியாலம். அரை மணியில தெளியுது எண்டா அது 2 மைக்ரோன் துணிக்கையா இறங்கேல்ல, கூட்டமா இறங்குது. ரெண்டாவது, மழைக்கால ஸ்டொக்ல இருந்து பழைய களி கொஞ்சமும் புதுக்களி கொஞ்சமும் எடுத்து, ஒவ்வொண்டையும் கிணத்துத் தண்ணியிலயும் பைப் தண்ணியிலயும் கலக்கி வையுங்கோ. நாலு போத்தல் காணும். ஈசி மீற்றரும் (மின்சாரம் கடத்துறதை வைச்சு தண்ணியில எவ்வளவு உப்பு எண்டு காட்டும்) பிஎச் மீற்றரும் எங்கயாவது கடன் வாங்குங்கோ.

களித்தொட்டி:
கோடுதான் அக்கா, கத்தியால வெட்டினாப்போல. போத்தல் வைச்சன்: கிணத்துத் தண்ணியில பழைய களியும் விழுது புதுக்களியும் விழுது, பைப் தண்ணியில ரெண்டும் நிக்குது. முதலாளிக்குக் காட்டினன், ஒண்டும் கதைக்கேல்ல. கிணறு ஈசி 4.6 மில்லி சீமென்ஸ், பிஎச் 6.2. பைப் தண்ணி 0.1 அளவில.

லேப் அக்கா:
அப்ப களியில பிழை இல்லை, தண்ணியிலதான். உங்கட இடத்துக்குக் கிட்ட பொல்கொட வாவி, அது பாணந்துறையில கடலோட தொடுப்பு, மழை குறைஞ்சா உவர் ஏறும். கடல் தண்ணி 50 மில்லி சீமென்ஸுக்குக் கொஞ்சம் கூட, உங்கட 4.6 எண்டா பத்தில ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக் கடல் கலந்த கணக்கு. குடிச்சா லேசா உப்புக் கரிக்கும், களிக்கு அதுவே தாராளம்.

நடக்கிறது இதுதான். கயோலின் தட்டுத்தட்டான துணிக்கை, தட்டின்ர முகத்தில நெகட்டிவ் சார்ஜ், அதால ஒண்டை ஒண்டு தள்ளிக்கொண்டு தண்ணியில மிதக்கும். அந்தத் தள்ளுற விசை எவ்வளவு தூரத்துக்கு எட்டும் எண்டதை உப்புத்தான் தீர்மானிக்கும். உங்கட பைப் தண்ணியில கிட்டத்தட்ட 10 நனோமீற்றர், இந்தக் கிணத்துத் தண்ணியில ஒண்டரை நனோமீற்றருக்கும் கீழ, சுத்தக் கடல் தண்ணியில 0.4 கூட இல்லை. ஆனா இழுக்கிற வான்டர்வால்ஸ் விசை உப்புப் போட்டாலும் பெரிசா மாறாது. தள்ளுறது சுருங்க இழுக்கிறது வெல்லும். 1940கள்ல டெர்யாகின், லண்டோ ஒரு பக்கமும் வெர்வே, ஓவர்பீக் மற்றப் பக்கமும் எழுதினது இதைத்தான், டிஎல்விஓ எண்டு படிச்சிருப்பீங்கள். உங்கட பிஎச் 6.2 வேற, அந்த இடத்தில தட்டின்ர விளிம்பில சார்ஜ் இல்லாத மாதிரித்தான், இன்னும் அமிலமானா பொசிட்டிவ் ஆகி முகத்தில போய் ஒட்டும். அதாலதான் அடியில பொதபொதெண்டு இடம் அடைச்சுக்கொண்டு உக்காருது.

மருந்து கூட்டினா மோசமாகிறதும் இதாலதான். ஹெக்ஸாமெட்டாபொஸ்பேட் விளிம்பில ஒட்டி அதை நெகட்டிவ் ஆக்கத்தான் போடுறது, உங்கட தண்ணியில கல்சியமும் மக்னீசியமும் அதை முதலே பிடிச்சு வைச்சுக்கொள்ளும். மிச்சம் போடுறதும் சோடியம் உப்புத்தானே, அளவுக்கு மிஞ்சினா தண்ணியை இன்னும் உப்பாக்கும். கரைச்சு நாள்கணக்கா வைச்சதைப் பாவிக்காதீங்கோ, அது தண்ணியில மெல்ல உடைஞ்சு வேலை செய்யாமப் போகும்.

கல்கிசை நானா:
நான் மேற்கு அவுஸ்திரேலியால கல்கூர்லி பக்கம் தங்கம் எடுக்கிற பிளான்ட்ல வேலை செஞ்ச ஆள். அங்க நிலத்தடித் தண்ணி கடலை விட உப்பு, அதாலதான் அரைக்கிறது கழுவுறது எல்லாம். களி கூடின மண் வந்தா பல்ப் (அரைச்ச மண்ணும் தண்ணியும் கலந்தது) கூழ் மாதிரி இறுகி பம்ப் திணறும், ஆனா திக்கனர்ல (களியை அடியில உக்கார வைக்கிற தொட்டி) மேல தண்ணி தெளிவா வரும், அது லேசு. சிலியிலயும் சென்டினெலா சுரங்கத்துக்குக் கடல் தண்ணியை உப்பெடுக்காம 140 கிலோமீற்றருக்கு மேல பைப்ல ஏத்துறாங்க. ஆனா அவங்களுக்கு வேணும் எண்டது செம்பு, களி குப்பை. உங்களுக்குக் களிதான் சாமான், அதால அவங்கட வழி உங்களுக்கு ஒத்து வராது. தம்பிக்கிட்ட ஒண்டு கேக்கணும், ஃபில்டர் பிரஸ்ல (களியை அமுக்கித் தண்ணி பிழியிற மெஷின்) இருந்து வார தண்ணியை என்ன செய்றீங்க?

களித்தொட்டி:
அதைத் திருப்பி கலக்கிற தொட்டிக்கு விடுறம் நானா. கிணறு வத்தினதால போன மாசத்தில இருந்து.

கல்கிசை நானா:
பிரஸ்ஸுக்கு முன்னால படிகாரம் போடுறீங்கதானே?

களித்தொட்டி:
ஓம். படிகாரமும் கொஞ்சம் அசிட்டும், இல்லாட்டி பிரஸ்ல தண்ணி இறங்காது.

கல்கிசை நானா:
அப்ப ரெண்டு கள்ளன் இரிக்கிறான் தம்பி, கிணறு ஒண்டு, மத்தது உங்கட பிரஸ் தண்ணி. கட்டிபட வைக்கத்தான் படிகாரம் போடுறீங்க, அந்தத் தண்ணியையே கட்டிபடக் கூடாத இடத்துக்குத் திருப்பி விடுறீங்க. அலுமினியம் மூண்டு சார்ஜ், சோடியத்தோட பாக்க எத்தனையோ மடங்கு பலம்.

லேப் அக்கா:
நானா சொன்னது சரி. தியரிப்படி கட்டிபட வைக்கத் தேவையான அளவு சார்ஜின்ர ஆறாம் அடுக்கால குறையும், ரெண்டு சார்ஜ் கல்சியம் எண்டா சோடியத்தில 64இல ஒரு பங்கு காணும், மூண்டு சார்ஜ் எண்டா 729இல ஒண்டு. நடைமுறையில அவ்வளவு துல்லியமா வராது, ஆனா போக்கு அதுதான். கிணத்துத் தண்ணியின்ர ஈசியை மட்டும் பார்த்தா இது தெரியாது, கலக்கிற தொட்டிக்குள்ள அளக்கோணும்.

களித்தொட்டி:
தொட்டிக்குள்ள இப்ப அளந்தன், ஈசி 5.9, பிஎச் 4.8. சோடா ஆஷ் (சோடியம் காபனேற்று) போட்டா சரி வருமா?

லேப் அக்கா:
பாதி வரும். பிஎச்சை 9க்குக் கொண்டு போகும், கல்சியத்தைக் காபனேற்றா விழுத்தும். சுண்ணாம்பு மட்டும் போட்டிடாதீங்கோ, பிஎச் ஏறும் ஆனா கல்சியத்தை நீங்களே அள்ளிக் குடுத்த மாதிரி. ஆனா மக்னீசியம் பிஎச் 10 தாண்டாம லேசில விழாது, கடல் தண்ணியில கல்சியத்தை விட நிறையில மூண்டு மடங்கு அது. சோடியம் குளோரைட் எதுக்கும் அசையாது. அதால மருந்தால இதை முழுக்க வெல்ல ஏலாது.

தண்ணியின்ர ஒழுங்கை மாத்துங்கோ. நல்ல தண்ணி, பைப்போ பவுசரோ கூரையில பிடிக்கிற மழைத் தண்ணியோ, கலக்கிற தொட்டிக்கும் சைக்கிளோனுக்கும் மட்டும். அதில கொஞ்சம் சோடா ஆஷ் போட்டு பிஎச் 8.5, 9 ஆக்கி பழைய அளவு ஹெக்ஸாமெட்டாபொஸ்பேட். உப்புக் கிணத்துத் தண்ணியையும் பிரஸ் தண்ணியையும் சைக்கிளோனுக்குப் பிறகு, திக்கனருக்குள்ள விடுங்கோ. அங்க கட்டிபடுறதுதானே உங்களுக்கு வேணும், படிகாரமும் மிச்சம் பிடிக்கலாம். களியைக் கட்டிபட வைக்கிற பொலிமர் போடுற யோசனை இருந்தா உப்புத் தண்ணியில பொலிஅக்ரிலமைட் சங்கிலி சுருண்டுபோகும், நல்ல தண்ணிக் கணக்கைப் பார்த்துப் போட்டா காணாது, போத்தல்ல பார்த்துத்தான் போடோணும்.

தெஹிவளை வேர்க்‌ஷொப்:
அக்கா பவுசர் தண்ணியும் இந்தக் காலத்தில எங்க இருந்து ஏத்துறாங்களோ, மழை இல்லாட்டி களனி கங்கையிலயும் அம்பத்தளை வரைக்கும் உப்பு ஏறும். இறக்க முன்னம் மீற்றரை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஸ்பிகொட்டையும் அளங்க தம்பி, நான் சொன்னதுக்காகவாவது.

களித்தொட்டி:
அளந்தன் அண்ணை, கொஞ்சம் தேஞ்சுதான் இருக்கு, ஓடர் குடுத்திட்டன். பிரஸ் தண்ணியை இண்டைக்கே நிப்பாட்டிட்டம், தொட்டி பிஎச் ஏறத் துவங்கிட்டு. திக்கனருக்கு உப்புத் தண்ணி விட்டா கடைசிக் களியில உப்பு நிக்காதா?

லேப் அக்கா:
நிக்கும். பெயின்ட் ஆக்கள் கரையிற உப்புக்கு கட்டாயம் டெஸ்ட் செய்வினம். பிரஸ்ல கேக் (பிழிஞ்ச களி) இருக்கேக்கயே நல்ல தண்ணியை ஒருக்கா உள்ளால விட்டு, வெளிய வாறதின்ர ஈசி இறங்கும் வரைக்கும் கழுவுங்கோ, அந்தக் கழுவின தண்ணியையும் திக்கனருக்கே விடலாம். றபர் லொட்டை முதல் செய்து பாருங்கோ, பெயின்ட் லொட்டுக்கு ஒரு சாம்பிள் குடுத்து அவையின்ர பதில் வந்தாப்பிறகு.