மெய்நிகர் உலாவில் அம்புக்குறி தவறான திசைக்குத் திருப்புகிறது; மூன்று அறைகள் கைப்பேசியில் திறப்பதில்லை

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் நூலகக் கட்டடத்தை 14 பனோரமாப் படங்களாக (சுற்றிலும் 360 பாகையும் தெரியும் படங்கள்) எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்படி அம்புக்குறிகளால் இணைத்து, மெய்நிகர் உலாவாக இணையத்தில் ஏற்றியிருக்கிறேன். நுழைவுக்கூடத்தில் வாசிப்பறைக்கான அம்புக்குறியை அழுத்தினால் வாசிப்பறை திறக்கிறது. ஆனால் அறையின் உட்புறத்தைப் பார்க்காமல், வந்த கதவையே பார்த்தபடி திறக்கிறது. சில அறைகளில் பக்கச் சுவரைப் பார்க்கிறது, சிலவற்றில் சரியாகவே இருக்கிறது. இது தவிர, மூன்று அறைகள் கைப்பேசியில் கறுப்பாகவே நிற்கின்றன; கணினியில் எல்லாம் நன்றாகத் தெரிகின்றன. நாளை மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். தெரிந்தவர்கள் விரைவில் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சிற்றெழுத்து

எந்த மென்பொருளைக் கொண்டு இணைத்தீர்கள், படங்கள் எந்த வகைச் சர்வரில் உள்ளன என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆயினும் மூன்று படங்கள் மட்டும் திறக்கவில்லை என்று படித்தவுடன் எனக்குத் தோன்றுவது கோப்பின் பெயர்தான். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் சர்வர் வெவ்வேறாகவே கொள்ளும். கேமரா தரும் கோப்பின் பின்னொட்டு பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும். நாம் அமைப்புக் கோப்பில் சிறிய எழுத்தில் எழுதிவிடுவோம். முதலில் அந்த மூன்று பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முக்காலி

படம் எடுக்கும் அடிப்படையைக் கற்காமல் இணைக்கும் வேலையில் இறங்குகிறவர்களுக்கே இப்படிப்பட்ட கேள்விகள் எழுகின்றன என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். கேமராவை நோடல் பாயிண்ட்டில், அதாவது சுழற்றும்போது பொருள்கள் இடம் மாறித் தெரியாத புள்ளியில், வைத்துச் சுழற்றினீர்களா? முக்காலியின் தலையில் நேரடியாகத் திருகிச் சுழற்றியிருந்தால் அருகிலுள்ள பொருள்களும் தொலைவிலுள்ள பொருள்களும் ஒவ்வொரு படத்திலும் ஒன்றுக்கொன்று இடம் மாறித் தெரியும். அதன்மேல் எதைக் கட்டினாலும் நிற்காது. கேமராவை அந்தப் புள்ளியில் நிறுத்திச் சுழற்ற உதவும் பனோரமாத் தலை ஒன்றை வாங்கி எல்லா அறைகளையும் மீண்டும் எடுப்பதே முறையான வழி.

கோணமானி

முக்காலி அவர்கள் சொல்வது படங்களை ஒட்டும்போது வரும் பிழைக்குப் பொருந்தும். அலமாரியின் விளிம்பு உடைந்து தெரிவது அந்த வகை. ஒட்டி முடித்த படம் எந்தத் திசையை நோக்கித் திறக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கோப்புப் பெயரும் காரணமாக இருக்க முடியாது; பெயர் தவறாக இருந்தால் அதே சர்வரிலிருந்து கணினியிலும் அந்த அறைகள் திறந்திருக்கமாட்டா.

தாழ்வாரம், நான்கு விவரங்கள் தேவை. காட்டும் நிரல் எது? ஒவ்வொரு படத்தின் அகலமும் உயரமும் எத்தனை பிக்சல்? பதினான்கும் ஒரே கேமராவில் எடுத்தவையா? கறுப்புத் திரையில் வேறு ஏதேனும் எழுத்துத் தெரிகிறதா?

தாழ்வாரம்

பனோரமாக்களை உலாவியில் காட்டும் பனெல்லம் என்ற நிரலைப் பயன்படுத்துகிறேன். சர்வர் லினக்ஸ்தான், பெயர்களைச் சரிபார்த்துவிட்டேன், பிழையில்லை. படங்கள் 360 கேமராவில் எடுத்தவை என்பதால் சுழற்றும் கேள்வியே எழவில்லை. எல்லாப் படங்களையும் 4 எம்பிக்குள் சுருக்கியிருக்கிறேன். ஆகையால் அளவு காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன்.

படத்தையல்

மார்சிபானோ என்ற இன்னொரு பனோரமா நிரலுக்கு மாறிவிடுங்கள். அதன் கருவி உலாவியிலேயே இயங்குகிறது. முழுப் படத்தைக் கொடுத்தால் அதுவே துண்டுகளாக வெட்டி, ஏற்றுவதற்கு ஆயத்தமான தொகுப்பாகத் தந்துவிடும். நான் என் வேலைகள் அனைத்தையும் அதில்தான் செய்கிறேன்.

கோணமானி

நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது 14 அறைகளின் அம்புக்குறிகளை முதலிலிருந்து வைக்கச் சொல்வது அவருக்கு உதவியாகாது. திசைச் சிக்கல் அங்கேயும் அவரோடு வரும்.

தாழ்வாரம், 4 எம்பி என்பது வட்டில் கோப்பு பிடிக்கும் இடம் மட்டுமே. உலாவி அதைத் திறந்தவுடன் சுருக்கம் நீங்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு பிக்சலும் நினைவகத்தில் 4 பைட் பிடிக்கும். எத்தனை எம்பி என்பதைவிட எத்தனை பிக்சல் என்பதுதான் இங்கே கேள்வி. அதையும், கறுப்புத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

தாழ்வாரம்

மன்னிக்கவும், கவனித்துப் பார்த்த பின்தான் தெரிந்தது. கறுப்புத் திரையின் நடுவில் சிறிய ஆங்கில வரி ஒன்று இருக்கிறது. இந்தப் பனோரமா உங்கள் கருவிக்கு மிகப் பெரியது, இதன் அகலம் 16384 பிக்சல், உங்கள் கருவி 8192 வரையே ஏற்கும் என்பது அதன் பொருள். மற்றப் படங்கள் 5376க்கு 2688. அந்த மூன்று அறைகளில் வெளிச்சம் குறைவாக இருந்ததால், நண்பரின் பெரிய கேமராவில் தனித்தனிப் படங்களாக எடுத்து, ஹியூகின் என்ற படம் ஒட்டும் மென்பொருளில் ஒட்டினேன். அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.

கோணமானி

இந்த ஒரு விவரத்தில் உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் விடை இருக்கிறது.

முதலில் கறுப்புத் திரை. 16384க்கு 8192 என்றால் 13 கோடியே 42 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் எனக் கணக்கிட்டால் ஒரே படத்துக்கு ஏறத்தாழ 537 எம்பி நினைவகம் வேண்டும். அது போதாதென்று, ஒவ்வொரு வரைகலைச் சில்லுக்கும் ஒரே படமாக ஏற்கக்கூடிய அகலத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. கணினியின் வரம்பு பெரியது, உங்கள் கைப்பேசியின் வரம்பு சிறியது. செய்தி சொல்வது அதைத்தான். ஹியூகினில் வெளியீட்டின் அளவை 8192க்கு 4096 என்று மாற்றி மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள். தேவை 134 எம்பியாகக் குறைந்துவிடும். அகலம் உயரத்தைப்போலச் சரியாக இரு மடங்காக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; கிடையாக 360 பாகையும் செங்குத்தாக 180 பாகையும் அந்தச் செவ்வகத்தில் விரிக்கப்பட்டிருப்பதால், ஒரு பக்கம் குறைந்தாலும் அறை நெளிந்துவிடும். அம்புக்குறிகளின் இடங்கள் பிக்சலில் அல்லாமல் கோணத்தில் பதிவாகியிருப்பதால் அளவைக் குறைப்பதால் அவை நகரமாட்டா. ஆனால் ஏற்றுமதி செய்யும்போது ஹியூகினில் அடிவானத்தை நேராக்குகிறேன் என்று படத்தைத் திருப்பிவிட்டால் எல்லாம் நகர்ந்துவிடும்; அளவைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

முழு நுணுக்கமும் வேண்டுமென்றால், பனெல்லத்துடன் வரும் பைத்தான் நிரல் படத்தைக் கனசதுரத்தின் ஆறு முகங்களாக்கி, பல அளவுகளில் சிறு துண்டுகளாக வெட்டித் தரும். பார்க்கும் பகுதிக்குரிய துண்டுகள் மட்டும் இறங்கும். கையெழுத்துச் சுவடிகளைப் பெரிதாக்கிப் பார்க்கும் அறை ஏதேனும் இருந்தால் அதை மட்டும் பின்னர் அப்படிச் செய்யலாம். இப்போதைக்கு 8192 போதும்.

வில்லைக்கண்

முக்காலி அவர்கள் மேலே நோடல் பாயிண்ட் என்று எழுதியதைத் திருத்தாமல் விட மனமில்லை. புதியவர்கள் அதைப் படித்துவிட்டு லென்ஸ் வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தேடுகிறார்கள். இடமாற்றப் பிழை வராமல் இருக்கக் கேமராவைச் சுழற்ற வேண்டிய இடம் லென்ஸின் நுழைவுத்துளையின் மையம். அதாவது முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒளித்துளை எங்கே இருப்பதாகத் தெரிகிறதோ அந்த இடம். லென்ஸ் மட்டும் ஊசலாடிச் சுழலும் பழைய ஃபிலிம் பனோரமாக் கேமராக்களில் பின்புற நோடல் புள்ளியைச் சுற்றிச் சுழற்றினால்தான் ஃபிலிமில் பிம்பம் அசையாமல் நிற்கும். அங்கே பொருந்திய பெயரை, கேமரா முழுவதையும் சுழற்றும் முறைக்கும் மக்கள் பொருத்திவிட்டார்கள்.

முக்காலி

நான் பல ஆண்டுகளாக இந்தப் பெயரைச் சொல்லியே எடுத்துவருகிறேன், ஒட்டுகளில் ஒரு மயிரிழைப் பிழையும் இல்லை. பெயரைப் பற்றிய ஆராய்ச்சி படத்தைத் திருத்தாது. அருகில் ஒரு கம்பையும் தொலைவில் ஒரு கம்பையும் நேர்கோட்டில் நிறுத்தி, கேமராவை இடமும் வலமும் திருப்பும்போது இரண்டும் விலகாமல் இருக்கும்வரை முன்னும் பின்னும் நகர்த்தினால் இடம் கிடைத்துவிடும். அதற்குப் புத்தகம் தேவையில்லை.

வில்லைக்கண்

கம்புச் சோதனை சரியானது, நானும் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் மிக அகன்ற கோணத்தைக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸில் நுழைவுத்துளை ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒளி எவ்வளவு பக்கவாட்டிலிருந்து வருகிறதோ அவ்வளவுக்கு அது நகர்கிறது. எனவே கம்புகளைச் சட்டகத்தின் நடுவில் வைத்துச் சோதிப்பவர், அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்தில் பிழையைக் காண்பார். அந்த ஓரத்திலேயே கம்புகள் தெரியும்படி சோதிக்க வேண்டும். நிலையான ஒரே நோடல் புள்ளி உண்டு என்று நம்புகிறவருக்கு இந்த எச்சரிக்கை தோன்றவே தோன்றாது. பெயரில் நான் அக்கறை காட்டுவது அதனால்தான்.

தாழ்வாரம்

முக்காலி ஐயா, அந்த மூன்று அறைகளில் ஒன்றில் அலமாரியின் விளிம்பு உடைந்துதான் தெரிகிறது. கேமராவை முக்காலியில் நேரடியாகத் திருகியே எடுத்தேன். அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். இப்போது திசைக்கு என்ன செய்வது?

முக்காலி

ஒப்புக்கொண்டதற்கு மகிழ்ச்சி. பனோரமாத் தலை கிடைக்கும்வரை, அலமாரிகளிலிருந்து விலகி அறையின் நடுவில் நின்று எடுங்கள். பொருள்கள் தொலைவில் இருந்தால் அதே பிழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். 360 கேமராவிலும் இரண்டு லென்ஸ்கள் முதுகோடு முதுகாக, சிறிது இடைவெளியுடன் இருப்பதால், இரண்டும் சேரும் கோட்டில் நெருக்கமான பொருள் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோணமானி

திசைக்கு வருவோம். பனெல்லத்தில் ‘யா’ எனப்படும் கிடைக்கோணம் படத்தின் நடுக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. நடுவில் 0, வலப்புறம் கூட்டல் 180 வரை, இடப்புறம் கழித்தல் 180 வரை. அம்புக்குறியில் நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால் அடுத்த அறை தன் 0 பாகையை நோக்கித் திறக்கும். உங்கள் 360 கேமரா படம் எடுத்த கணத்தில் எந்தப் பக்கம் முகம்காட்டி நின்றதோ அதுவே அந்தப் படத்தின் நடு. ஹியூகினில் ஒட்டியவற்றின் நடு வேறெங்கோ இருக்கும். சில அறைகள் சரியாகத் திறப்பது தற்செயலாகக் கேமராவை நடக்கும் திசையிலேயே வைத்ததால்தான்.

ஒவ்வோர் அம்புக்குறிக்கும் ‘டார்கெட் யா’ என்ற எண்ணைத் தனித்தனியாகக் கொடுக்கலாம். ஆனால் நடப்பவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே பக்கம் பார்த்தபடி அடுத்த இடத்தில் நிற்பதே இயல்பாக இருக்கும். அதற்கு ஒவ்வொரு காட்சியிலும் ‘நார்த் ஆஃப்செட்’ என்ற எண்ணைக் கொடுத்து, அம்புக்குறிகளின் டார்கெட் யாவில் ‘சேம் அசிமத்’ (அதே திசை) என்ற சொல்லை எழுதுங்கள். நார்த் ஆஃப்செட் என்பது படத்தின் நடுக்கோடு வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதாகும். கட்டடத்துக்குள் இரும்பு நிறைய இருப்பதால் திசைகாட்டியை நம்ப வேண்டாம். உண்மையான வடக்கும் உங்களுக்குத் தேவையில்லை. நுழைவுக்கூடத்துக்கு 0 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து கணக்கிடலாம்.

அமைப்புக் கோப்பில் ‘ஹாட்ஸ்பாட் டீபக்’ என்பதை இயக்கினால், அழுத்திய இடத்தின் கோணங்கள் உலாவியின் கன்சோலில் (நிரலாளருக்கான செய்திப் பலகத்தில்) பதிவாகும். நுழைவுக்கூடத்தின் படத்தில், வாசிப்பறையில் முக்காலி நின்ற இடத்தை அழுத்தி அதன் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 35 என்று கொள்வோம். வாசிப்பறையின் படத்தில், நுழைவுக்கூடத்தில் முக்காலி நின்ற இடத்தை அழுத்துங்கள். அது கழித்தல் 60 என்று கொள்வோம். ஒருவரையொருவர் நோக்கி நிற்கும் இருவரின் பார்வைகளுக்கு இடையே 180 பாகை இருக்கும் அல்லவா? அதனால் முதல் அறையின் ஆஃப்செட்டோடு முதல் கோணத்தைக் கூட்டி, இரண்டாவது கோணத்தைக் கழித்து, 180ஐச் சேர்த்தால் இரண்டாவது அறையின் ஆஃப்செட் கிடைக்கும். கழித்தல் 60ஐக் கழிப்பது 60ஐக் கூட்டுவதுதான் என்பதால், இங்கே 0, 35, 60, 180 சேர்ந்து 275. 360ஐக் கழித்தால் கழித்தல் 85. இப்படியே அடுத்தடுத்த அறைகளுக்குப் போங்கள். கட்டடத்தைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வழி இருந்தால், கடைசிக் கணக்கில் மீண்டும் 0 வருகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று பாகை பிசகினால் யாருக்கும் தெரியாது. இருபது பிசகினால் எங்கோ ஓர் அறையில் கூட்டல் கழித்தல் மாறியிருக்கிறது.

சிற்றெழுத்து

ஒரு சிறு குறிப்பு. இந்தச் சோதனையை வீட்டுக் கணினியில் கோப்பை இருமுறை அழுத்தித் திறந்து செய்ய வேண்டாம். கோப்பு முகவரியிலிருந்து படத்தை எடுக்க உலாவி அனுமதிக்காது. கணினியிலேயே ஒரு சிறிய சர்வரை இயக்கி அதன் வழியாகத் திறந்து பாருங்கள்.

தாழ்வாரம்

மூன்று அறைகளும் கைப்பேசியில் திறக்கின்றன. திசையும் சரியாகிவிட்டது. சுற்றி வந்தபோது 4 பாகை பிசகியது, விட்டுவிட்டேன். அனைவருக்கும் நன்றி. மாடிப்படி மட்டும் இன்னும் சுவரைப் பார்த்துத் திறக்கிறது.

கோணமானி

மாடிப்படி நடுவில் திரும்புகிறதா? அப்படியானால் கீழே படியைப் பார்த்து ஏறத் தொடங்குகிறவர், மேலே வந்து சேரும்போது எதிர்த்திசையை நோக்கி நிற்பார். சேம் அசிமத் அவரைப் பழைய திசையிலேயே நிறுத்துவதால் சுவர் தெரிகிறது. அந்த இரண்டு அம்புக்குறிகளுக்கு மட்டும் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, மேல்மாடியின் நடைபாதை தெரியும் கோணத்தை எண்ணாகவே கொடுங்கள். இறங்கும் அம்புக்குறிக்கும் அவ்வாறே. மேல்கீழ்க் கோணமான ‘டார்கெட் பிட்ச்’ என்பதையும் 0 என்று வைத்துவிடுங்கள், பார்வை நேராக இருக்கும். படி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எழுதினால் எண்ணையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.