கார்பன் ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்: வீட்டில பூட்டினதில இன்னும் மனசை உறுத்துற சங்கதி எது?

கொழும்பு6

சீற் போஸ்ற். மரைன் டிரைவ் பக்கம் கடல் பார்த்த பல்கனியில இரண்டு வருசம் நின்ற வண்டி. கிளாம்பைக் கழட்டின பிறகும் டிரொப்பர் (ஓடும்போதே ஏத்தி இறக்குற சீற் போஸ்ற்) மயிரளவும் அசையேல்லை. ஒயில் விட்டு, ஒரு இரவு ஊற விட்டு, கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் திருப்பி இழுத்தால், வெளியில வந்த அலுமினியக் குழாய் முழுக்க வெத்திலைச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொருக்கு. நகத்தால சுரண்ட உதிருது. கீழ குழி குழியா அரிச்சிருக்கு.

கார்பன் நார் மின்சாரம் கடத்தும். அதோட அலுமினியம் ஒட்டி நிற்க, இடையில உப்புத் தண்ணி ஒரு சொட்டு போதும், பற்றரி மாதிரி வேலை செய்யும். கரையிறது அலுமினியம்தான், கார்பனுக்கு ஒண்டும் ஆகாது. ஆனால் இறுகின போஸ்ற்றை மூர்க்கமா முறுக்கிறபோது வெடிக்கிறது பிரேம். கிளாம்ப் இடத்தில கிறீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் பூசுங்கோ. அதில குறுமணல் மாதிரித் துகள் இருக்கிறதால 5 நியூட்டன் மீற்றரிலேயே பிடிச்சு நிற்கும். அதுக்கு மேல இறுக்கினால் டிரொப்பர் மேல எழும்பாமல் சிக்கும், உடனே கேபிள் பிழை எண்டு நினைச்சு அதைக் கழட்டுவீங்கள். கடற்கரை ஆக்கள் இரண்டு மாசத்துக்கு ஒருக்கா உருவித் துடைச்சுப் போடுங்கோ.

தெமட்டகொட நானா

கிறீஸ் வேணாம் எண்டது கிளாம்புக்கு மட்டும் சரி. அதை வாசிச்சிட்டு ஒராள் பிவட்டையும் (பிரேம்ல பின் முக்கோணம் ஆடுற மூட்டு) காயவிட்டுப் பூட்டினா வண்டி முடிஞ்சி.

பின் முக்கோணத்தைக் கழட்டி மெயின் பிவட் பெயாரிங்குக்குள்ள விரலை விட்டுச் சுத்தினா, கல்லு மாதிரி நிக்குது. ரப்பர் சீலைக் குத்தூசியால கிளப்பினா உள்ளுக்குக் கிறீஸே இல்ல, பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணி) நிறத்துல தண்ணி. அந்த நிறம்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

பிவட் பெயாரிங் சக்கரம் மாதிரி முழுச் சுத்துச் சுத்தாது, சில பாகை முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும், அவ்வளவுதான். அதே குண்டு அதே இடத்துல இடிச்சி இடிச்சிப் பள்ளம் விழும். அதனாலதான் கூடு இல்லாம முழுக்கக் குண்டு நிறைச்ச வகையைப் போடுறாங்க, பேருக்குப் பின்னால மெக்ஸ் எண்டு இரிக்கும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில 6902 நம்பர் பெயாரிங் கேட்டாக் கிடைக்கும்; 15க்கு 28க்கு 7 மில்லிமீற்றர், அளவு கச்சிதம். ஆனா அது மோட்டருக்குச் செஞ்சது, கூடு இரிக்கி, குண்டு குறைவு. போடலாம், கெதியா மாத்த வரும். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் பாத்து எடுங்க, தகர மூடி உள்ளதுக்குள்ள தண்ணி நேராப் போகும்.

ஏத்தும்போது சுத்தியல் கையில எடுக்க வேணாம். 10 மில்லிமீற்றர் மரைக்கம்பி ஒண்டு, ரெண்டு நட்டு, தடிச்ச வொஷர், பெயாரிங்கின்ட வெளி வளையத்துல மட்டும் உக்காருற அளவுல ஒரு சொக்கட். உள் வளையத்தைத் தள்ளினா குண்டு பதிஞ்சி, புதுசு பூட்டும்போதே பழசாகும். போல்ட் தண்டுல கிறீஸ், மரையில நீல லொக்டைட். மரையில கிறீஸ் பட்டிச்சிண்டா லொக்டைட் பிடிக்காது, துடைச்சிட்டுப் போடுங்க.

அலன் சாவி

சுருக்கமாக. யூடிஎச் ஹேங்கர் (கியர் மாற்றும் டிரெய்லரைப் பிரேமில் தாங்கும் துண்டு) போல்ட் இடமரை. 8 மில்லிமீற்றர் சாவியை வழமையான பக்கம் திருக, அசையாமல் நிற்க, பிடியில் குழாய் செருகி நீட்டித் திருக, ‘டக்’. கழன்ற சத்தம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஹேங்கரின் மரை உருவிக்கொண்ட சத்தம் அது. கழற்ற வலஞ்சுழியாகத் திருக வேண்டும். திரும்பப் பூட்டும்போது 25 நியூட்டன் மீற்றர். மரை போட்ட பிபி (பெடல் அச்சு சுழலும் பெயாரிங்) என்றால் வலது பக்கக் கப் இடமரை, பெடலில் இடது பக்கம் இடமரை. ஒரே வண்டியில் மூன்று.

சேற்றுச் சங்கிலி

செயின் நீளத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. ஸ்ராண்டில தொங்கின வண்டி, பின் ஷொக் முழுக்க நீண்டு நிற்குது, அப்படியே பின்னால பெரிய 52 பல்லுச் சுத்தி அளந்து வெட்டினது. பார்க்க வடிவா இருந்தது. ஆள் ஏறி, ஒரு குத்து விழ, டிரெய்லர் கூண்டு முன்னுக்கு நேரா இழுபட்டு, செயின் வீணைத் தந்தி மாதிரி விறைச்சு நின்றது. தட்டினால் சத்தம் கேட்கிற அளவுக்கு.

ஷொக் அமர அமரப் பெரும்பாலான பிரேமில பிபிக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் கூடும். அதனால ஷொக்கில காத்தை முழுக்க விட்டு, பின் சக்கரத்தை மெல்ல மேல தள்ளி, அந்தத் தூரம் ஆகக் கூடின இடத்தில வைச்சு அளக்கோணும். செயினை டிரெய்லருக்குள்ள விடாமல் முன் பல்லையும் பின்னால பெரிய பல்லையும் சுத்தி, முனை சந்திக்கிற இடத்துக்கு மேல, ஸ்ராமின்ர ஈகிள் கியர் எண்டால், 2 கண்ணி கூட விடோணும். பி இடைவெளி (டிரெய்லரின்ர மேல் சில்லுக்கும் பெரிய பல்லுக்கும் இடையில உள்ளது) வேறு கதை, அதை ஆள் இருக்கிறபோது ஷொக் அமருற சாக் நிலையில வைக்கோணும். 55 மில்லிமீற்றர் அமருற ஷொக்கில 30 வீத சாக் எண்டால் 16.5 மில்லிமீற்றர், ஷொக் தண்டில ஓ-றிங் நகர்ந்த தூரத்தை அடிமட்டத்தால அளந்து பாருங்கோ.

நானா, சாதாரண 6902 போடலாம் எண்டு எழுதினது சரியில்லை. பெயாரிங்கில மிச்சம் பிடிக்கிற காசு பெரிசில்லை, பின் முக்கோணம் முழுக்கக் கழட்டிப் பூட்டுற ஒரு ஞாயிற்றுக்கிழமை போகுதே.

தெமட்டகொட நானா

மெக்ஸ் கப்பல்ல வரும் வரைக்கும் வண்டியைச் சுவத்துல மாட்டி வைக்கவா?

கொட்டாஞ்சேனை டிஸ்க்

மினரல் ஒயில் போடும் ஷிமானோ பிறேக். ஒரு கடையில் ‘பிறேக் ஒயில்தானே’ என்று காருக்கு ஊற்றும் டொட் 4 ஊற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நன்றாகப் பிடித்தது. இரண்டாம் நாள் லீவரை அழுத்தினால் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டு திரும்பவில்லை. விரலால் தள்ளி விட வேண்டியிருந்தது. உள்ளே ரப்பர் சீல் ஊதிவிட்டது. கழுவி மினரல் ஊற்றினாலும் சரிவராது, லீவரும் கலிப்பரும் மாற்ற வேண்டும். டொட் கார்பன் பிரேமின் மேல் பூச்சையும் தின்னும். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் நானாவின் பிளேன்டித் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்கிறேன். வாகனம் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷன். வேகமாகப் பீச்சும் தண்ணீர் சீலைத் தள்ளிக்கொண்டு போகும், மழை அப்படிச் செய்யாது. ஹொரணைப் பக்கம் றப்பர் தோட்டச் செம்மண் என்றால் காய விடாதீர்கள். வாளி, தூரிகை, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போதும். ஃபோர்க் அடிக்கால்களைத் தயாரிப்பாளர் சொன்ன மணித்தியாலத்துக்குக் கழற்றி ஒயில் மாற்றுங்கள், ரொக்‌ஷொக்ஸ் என்றால் 50 மணித்தியால ஓட்டம். டியூப்லெஸ் சீலன்ட் (டியூப் இல்லாத ரயரில் ஓட்டையை அடைக்கும் திரவம்) 29க்கு 2.4 அங்குல ரயருக்கு 100 முதல் 120 மில்லிலீற்றர். கொழும்பு வெக்கையில் போத்தலில் எழுதிய மாதக் கணக்கை நம்ப வேண்டாம், ஆறு கிழமைக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சலசலப்பு இல்லை என்றால் வால்வ் கோரைக் கழற்றி ஊற்றுங்கள். மூடிய காரின் டிக்கியில் வண்டியை விட்டுப் போகிறவர்களுக்கு இன்னும் கெதியாகக் காயும். செயின் 0.5 வீதத் தேய்மானத்தில் மாற்றிவிடுங்கள், 12 ஸ்பீட் கெசட் (பின் பல்லுக் கூட்டம்) விலை தெரியும்தானே.

கொழும்பு6

போஸ்ற் கதையை விட மோசமானது ஒண்டு. சேற்றைக் கழுவின பிறகு வலது செயின்ஸ்டேயை (பிபியில இருந்து பின் அச்சுக்குப் போற பிரேம் குழாய்) அஞ்சு ரூபாக் குத்தியால தட்டிக்கொண்டு போக, டிக், டிக், டிக். ஒரு இடத்தில டொப். அங்குலம் தாண்டினா திரும்ப டிக். பெயின்ற் மேல ஒரு கீறலும் இல்லை, ஆனால் உள்ளுக்குக் கார்பன் வெடிச்சிருக்குமோ எண்டு பயம்.

அலன் சாவி

அந்த இடத்தில் பாதுகாப்பு ஸ்டிக்கர் இருந்ததா? அதுவும் சத்தத்தை அமுக்கும். ஹெயார் டிரையரால் சூடு காட்டி மெல்ல உரித்துவிட்டுத் தட்டுங்கள். அப்போதும் டொப் என்றால் ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடைத்து, அது காய்வதைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் நூல் மாதிரி ஈரக்கோடு நிற்கும். இடது செயின்ஸ்டேயோடும் ஒப்பிடுங்கள்.

தெமட்டகொட நானா

இடதோட ஒப்பிட்டு ஏமாற வேணாம். அங்க பிறேக் மவுண்ட் இரிக்கி, குழாய் வடிவமும் தடிப்பும் வேற, நல்ல பிரேம்லயே ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வராது. அதே பக்கத்துல முன்னுக்கும் பின்னுக்கும் தட்டி, சத்தம் எந்த இடத்துல மாறுதுண்டு பென்சிலால கோடு போடுங்க. ரெண்டு ஓட்டம் ஓடிட்டு வந்து திரும்பத் தட்டுங்க, வீட்டு முற்றத்துக்குள்ளயே. டொப் சத்தம் கோட்டைத் தாண்டியிருந்தா அதுக்குப் பிறகு வண்டியில ஏற வேணாம்.

சேற்றுச் சங்கிலி

ஓடிப் பார்க்கச் சொல்லுறீங்களே நானா! முதல் ஸ்டிக்கரை உரிக்கட்டும்.