புதுப்பிப்பு: வரைவுக்கும் மதிப்பெண் போட்டேன்

இரண்டாம் ஆண்டு மாணவர்களின் ஆய்வுக் கட்டுரையில் இறுதிப் பிரதிக்கு மட்டும் மதிப்பெண்ணா, வரைவுக்கும் உண்டா என்று போன பருவத்தில் இங்கே கேட்டிருந்தேன். வரைவுக்கும் போடச் சொன்னீர்கள். போட்டுப் பார்த்தாச்சு, பலன் இருக்கிறது.

ராமேசுவரம் அருகே இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி. முதல் வரைவின் தொடக்கமே 'மன்னார் வளைகுடா உயிரினங்களின் சொர்க்கம்'. ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வரைவில் சொர்க்கம் காணோம். 1986-இல் 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, அங்கே கடல்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டிருந்தாள். அவள் அம்மாவும் பாசி எடுக்கப் போனவர். அம்மா சொன்னதை ஆதாரமாகக் காட்டலாமா என்றாள். தாராளமாக, ஆனால் பேட்டி எடுத்த தேதி, இடம், அவர் சம்மதம் மூன்றும் வேண்டும், அரசாணையோடும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

ஒருவர் கட்டுரையை இன்னொருவர் மதிப்பிடுவதுதான் முதலில் சொதப்பியது. எல்லாரும் 'நல்லா இருக்கு' என்றே எழுதினார்கள் (சக மாணவனைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?). அப்புறம் கேள்வியை மாற்றினேன்: 'இந்தக் கட்டுரை எதை நிறுவ வருகிறது? ஒரே வாக்கியத்தில் எழுது.' படித்தவன் எழுதிய வாக்கியம், தான் சொல்ல நினைத்ததே இல்லை என்று தெரிந்ததும், கட்டுரை எழுதியவனே திருத்த உட்கார்ந்துவிடுகிறான்.

மேற்கோள் காட்டும் முறைக்கான மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். திருத்தும் நேரம் மட்டும் இரட்டிப்பு. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.