ஆர்ஓ கழிவு நீரில் உப்பு நாலு மடங்கா?

சவ்வுக்காரன்:
மீன் தொட்டிக்கு வைக்கும் ஆர்ஓ ஃபில்டர் (தண்ணீரை அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிப்பது) பற்றிய இன்னொரு இழையில் "தொட்டிச்செடி" எழுதியிருப்பது இது: "ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் கழிவு வரும். அதுல உப்பு நாலு மடங்கு. செடிக்கு ஊத்தினா கருகிடும், சாக்கடையில விடுங்க." இதை நம்பி இரண்டு பேர் அங்கேயே கழிவு பிடிக்கும் பீப்பாயை எடுத்துவிடப் போவதாகச் சொல்கிறார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

வரும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு) லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வையுங்கள். நாலு லிட்டர் உள்ளே போனால் உப்பு 1600 மில்லிகிராம். சவ்வு 95 சதவீதம் தடுத்தால் நல்ல தண்ணீரில் 20 போகும். மீதி 1580 மூன்று லிட்டரில் கரைந்து வெளியே வரும். லிட்டருக்கு 527. ஒன்றேகால் மடங்குக்குச் சற்றே மேல். நாலு எங்கிருந்து வந்தது?

தொட்டிச்செடி:
காகிதத்துல கணக்கு போட்டா செடி பிழைக்காது சார். பானை விளிம்புல வெள்ளையா பூத்து நிக்குது, இலை நுனி கருகுது, அது எதனால? புதுசா வர்ற பம்ப் மாடல்கள்ல மூணு லிட்டர் நல்ல தண்ணி, ஒரு லிட்டர் கழிவு. நாலு லிட்டரோட உப்பும் ஒரு லிட்டர்ல. நாலு மடங்கு. நான் சொன்னது சரி.

சவ்வுக்காரன்:
நீங்கள் முதலில் எழுதியது மூன்று லிட்டர் கழிவு. இப்போது ஒரு லிட்டர் கழிவு. இரண்டில் எதற்கு நாலு மடங்கு? மூன்றுக்கு ஒன்று என்று எடுத்தாலும் (1600 - 60) = 1540, அதாவது 3.85 மடங்கு. அதுவும் நாலு இல்லை.

மீன் தொட்டிக்கு வாங்குவது பெரும்பாலும் 75 ஜிபிடி (நாளைக்கு 75 காலன்) சவ்வு. 25 டிகிரியில், அதற்குரிய அழுத்தத்தில், நிமிடத்துக்கு 200 மில்லிக்குச் சற்றுக் குறைவாக நல்ல தண்ணீர் தரும். கூட வரும், கழிவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர் 600 மில்லி அளவுக்குக் கழிவை விடும். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு குழாயையும் தனித்தனி அளவுக் குவளையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். விகிதம் தெரிந்தால் மடங்கு தானாகத் தெரியும்.

கெண்டைமீன்:
ஒரு சந்தேகம். நாம் பேசுவது ஆர்ஓ கழிவா, தொட்டியில் தண்ணீர் மாற்றும்போதும் ஃபில்டர் ஸ்பான்ஜைப் பிழியும்போதும் வருகிற தண்ணீரா? இரண்டையும் எல்லோரும் "ஃபில்டர் கழிவு" என்றே எழுதுகிறீர்கள். தொட்டித் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும், செடிக்கு நல்லது. ஆனால் உப்பு, காப்பர், ஃபார்மலின் என்று மீனுக்கு மருந்து போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் செடிப் பக்கமே போகக் கூடாது. முதலில் இதைப் பிரித்துவிட்டுப் பேசலாமே?

நீலப்பீப்பாய்:
நாலோ ஒண்ணேகாலோ, எந்த மீட்டர்ல பார்த்தீங்க? டிடிஎஸ் மீட்டர் உப்பை நேரடியா அளக்காது. மின்கடத்துத்திறனை அளந்து 0.5 ஆலயோ 0.7 ஆலயோ பெருக்கிக் காட்டும். 1000 மைக்ரோசீமென்ஸ் தண்ணி ஒரு மீட்டர்ல 500, இன்னொண்ணுல 700. வர்ற தண்ணியை ஒரு மீட்டர்லயும் கழிவை வேற மீட்டர்லயும் பார்த்துட்டு மடங்கு பேசறவங்க நிறைய பேர். தொட்டிச்செடி தம்பி, முதல்ல மீட்டரைச் சரி பாருங்க.

தொட்டிச்செடி:
என்னைத் தம்பின்னு கூப்பிட வேண்டாம். வயசு தெரியாம உறவு வைக்காதீங்க. மீட்டர் எதுவா இருந்தாலும் மூணுக்கு ஒண்ணு மாடல்ல நாலு மடங்குதான். 3.85-ஐயும் நாலையும் வச்சு வாதம் பண்றவர் போன தடவை குளோரின் விஷயத்துலயும் இப்படித்தான் இழுத்தார்.

சவ்வுக்காரன்:
குளோரினை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். "கழிவில் குளோரின் குவிகிறது" என்று எழுதியவர் நீங்கள். குளோரினை நீக்கும் கார்பன் பிளாக் (கரி வடிகட்டி) சவ்வுக்கு முன்னால் இருக்கிறது. இப்போதைய சவ்வைக் குளோரின் அரித்துவிடும் என்பதற்காகவே அதை முன்னால் வைக்கிறார்கள். சவ்வுக்கு வந்து சேரும்போதே குளோரின் போயிருக்கும், கழிவில் எப்படிக் குவியும்? குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் என்றால் கார்பன் அதை உடைத்ததும் அம்மோனியா மிஞ்சும். அதனால் கழிவை மீன் தொட்டிக்குத் திருப்புவதாக இருந்தால் அம்மோனியா கிட் வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். செடிக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது.

இனி செடி. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டி, லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கட்டுப்பாடே இல்லை என்கிறது. 450 முதல் 2000 வரை லேசான, மிதமான கட்டுப்பாடு. 2000-க்கு மேல்தான் கடுமை. 527 எங்கே நிற்கிறது? உங்கள் 1540 கூட எங்கே நிற்கிறது? விஷம் என்ற சொல்லுக்கு இதில் இடமே இல்லை.

பானையில் வெள்ளை பூப்பது, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடியில் ஒரு சொட்டுகூட வடிய விடாததால். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு அடித் துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். அவ்வப்போது மழை நீரோ ஆர்ஓவின் நல்ல தண்ணீரோ விட்டு மண்ணைக் கழுவி விடுங்கள். அமில மண் கேட்கும் அசேலியா, கார்டீனியாவுக்கு மட்டும் இந்தத் தண்ணீர் வேண்டாம். பைகார்பனேட்டால் மண்ணின் பிஎச் ஏறி, இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலை மஞ்சளாகும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் வேறு. ஆர்ஓவுக்கு முன்னால் உப்பு போட்டுக் கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் இருந்தால் கால்சியத்துக்குப் பதில் சோடியம் வரும், கழிவும் சோடியமாகவே வரும். களிமண் இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காது. அந்தக் கழிவு கக்கூஸுக்கும் தரை கழுவவும் மட்டும். நாலு மடங்கு என்று பயமுறுத்துகிறவர்கள் இதை ஒரு வரிகூட எழுதவில்லை.

நீலப்பீப்பாய்:
பயன்படுத்தறதுன்னு முடிவானா வழி சுலபம். கழிவுக் குழாயை 200 லிட்டர் பீப்பாயில விட்டு, வாயில ஒரு மிதவை வால்வு மாட்டிடுங்க. நிறைஞ்சதும் தானா நின்னுடும்.

சவ்வுக்காரன்:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கழிவு வழியை அடைத்தாலும் உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும், நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அடித்துச் செல்ல ஓட்டம் இல்லாததால் உப்பு முழுக்கச் சவ்வின் மேலேயே குவியும். முதலில் நல்ல தண்ணீரின் டிடிஎஸ் ஏறும். கடின நீராக இருந்தால் சுண்ணாம்பு படிந்து சவ்வே போய்விடும். மிதவை வால்வு நல்ல தண்ணீர் பக்கம் இருக்க வேண்டும், அதுவும் உள்வரும் தண்ணீரைத் தானாக நிறுத்தும் ஆட்டோ ஷட்-ஆஃப் வால்வும் பின்னோட்டம் தடுக்கும் செக் வால்வும் இருந்தால்தான் கழிவும் கூடவே நிற்கும். பீப்பாய்க்கு மேல் விளிம்புக்குக் கீழே துளை போட்டு, வழியும் தண்ணீரை வடிகாலுக்குக் கொண்டு போங்கள். அல்லது பீப்பாயில் மிதவை சுவிட்ச் வைத்து பூஸ்டர் பம்பையும் உள்வரும் தண்ணீரை மூடும் சோலினாய்டையும் (மின் வால்வு) சேர்த்து அணையுங்கள்.

நீலப்பீப்பாய்:
பீப்பாய் நிறையறதுக்குள்ள காலி பண்றவங்களுக்கு வால்வு மூடவே மூடாது. அதுக்கு இவ்வளவு பதற்றமா? எல்லாத்தையும் நீங்கதான் கண்டுபிடிச்ச மாதிரி பேசறீங்க.

சவ்வுக்காரன்:
மூடவே மூடாத வால்வை எதற்கு மாட்டச் சொல்கிறீர்கள்?

கெண்டைமீன்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. புதுச் சவ்வு போட்டால் முதல் ஒரு மணி நேரத் தண்ணீரை, நல்லது கழிவு இரண்டையும், கொட்டிவிட வேண்டும் என்பதையும் யாரும் எழுதவில்லை. அதைக் காக்கப் போட்டிருக்கும் மருந்து அதில் இருக்கும்.

தொட்டிச்செடி:
அதெல்லாம் அப்புறம். சவ்வுக்காரன் சார், நேரா பதில் சொல்லுங்க. மூணுக்கு ஒண்ணு மாடல். உப்பு நாலு மடங்கா இல்லையா?

சவ்வுக்காரன்:
3.85. மூன்று லிட்டர் கழிவு என்று நீங்கள் எழுதிய ஃபில்டரில் 1.3. அந்த இழையில் உங்கள் பதிவு திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது.

தொட்டிச்செடி:
திருத்த மாட்டேன். 3.85-ன்னா நாலுதான்.